பிடித்துச் செல்லப்பட்டவர்களும் இறந்துபோனவர்களும்

கனடாவில் வாழும் என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். 2015ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு புதன்கிழமை, கொழும்பு நேரம் இரவு பதினொரு மணி கடந்த பின்னர் அவளது அழைப்பு வந்தபோது, யாருக்கோ ஏதோ நேர்ந்துவிட்டது என்று எண்ணியே எடுத்தேன்.

"மாமா, அந்த நாலு பிள்ளையளும் உண்மையிலை செத்துத்தான் போனவையாம்" என்றாள்.

எந்த நான்கு பிள்ளைகள் என்று கேட்பதற்குள் என் நெஞ்சு ஒரு முறை நின்று அடித்தது. நாற்பது ஆண்டுகள் செய்தி ஆசிரியபீடத்தில் இருந்தவனிடம் இரவு பதினொரு மணிக்கு நான்கு பிள்ளைகள் இறந்தார்கள் என்று சொன்னால் அவன் வேறென்ன நினைப்பான்? பின்னர்தான் தெரிந்தது, அவள் பேசியது ஒரு யப்பானியச் சித்திரத் தொடரைப் பற்றி. தான் ஒன்பது வயதில் பார்த்த 'செய்லர் மூன்' தொடரின் புதிய இறுவட்டுத் தொகுப்பை வாங்கியிருக்கிறாள். அதில் முதற் பருவத்தின் இறுதி அங்கங்களைப் பார்த்து முடித்த கையோடு எனக்கு அழைப்பு எடுத்திருக்கிறாள்.

கார்ட்டூன் பற்றி எழுத இந்த வயதில் இவனுக்கு என்ன வந்தது என்று என் பழைய சகாக்கள் கேட்கக்கூடும். தணிக்கை பற்றித்தான் எழுதுகிறேன். அந்த விடயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

தொடரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவோகோ தகேயுச்சி என்ற பெண் ஓவியர் வரைந்த சித்திரக் கதையை அடிப்படையாகக் கொண்டு டோயி அனிமேஷன் நிறுவனம் தயாரித்த இத்தொடர், 1992ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் 1997ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வரை யப்பானில் ஒளிபரப்பானது. ஐந்து பருவங்கள், 200 அங்கங்கள். படிப்பில் மந்தமும் அழுகையில் வேகமும் கொண்ட உசாகி என்ற பாடசாலை மாணவி, தீய சக்திகளை எதிர்த்துப் போரிடும் வீராங்கனையாக மாறுவதே கதை. அவளோடு நான்கு தோழிகள். முதற் பருவத்தின் 45ஆம் 46ஆம் அங்கங்களில், வட துருவத்துப் பனிவெளியில், அந்த நான்கு தோழிகளும் ஒருவர் பின் ஒருவராக அவளுக்காக உயிரை விடுகிறார்கள். கடைசிப் போரில் உசாகியும் தன் சக்தி முழுவதையும் செலவிட்டு வீழ்கிறாள். அவளது இறுதி விருப்பத்தின் பலனாக அனைவரும் பழைய நினைவுகள் அற்றவர்களாக மீண்டும் சாதாரண மாணவிகளாய் எழுகிறார்கள். சிறுவர் தொடர் ஒன்றில் மரணத்தை இவ்வளவு நேராகக் காட்டலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் காட்டினார்கள். யப்பானியப் பிள்ளைகள் 1993ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதைப் பார்த்தார்கள்.

இத்தொடரை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது டிக் என்ற நிறுவனம். ஆங்கிலக் குரல்கள் ரொறன்ரோவில் பதிவாகின. 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் கனடாவின் வை.ரி.வி. அலைவரிசையிலும் செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவிலும் ஒளிபரப்புத் தொடங்கியது. உசாகி செரீனா ஆனாள். அவள் காதலன் மமோரு டேரியன் ஆனான். பெயர்மாற்றத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். சிறுவர்களுக்காக வேற்றுமொழிக் கதை சொல்பவர்கள் எல்லோரும் ஓரளவுக்குச் செய்வதுதான் அது. ஆனால் கத்தரிக்கோல் அங்கே நிற்கவில்லை. முதல் இரு பருவங்களின் 89 அங்கங்களில் 82 மாத்திரமே ஆங்கிலத்தில் வெளிவந்தன. முதற் பருவத்தில் ஐந்து அங்கங்கள் முழுதாகக் கைவிடப்பட்டன. இரண்டாவது பருவத்தில் ஒன்று. மீதி ஒன்று எங்கே போனது என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். அதுதான் விடயமே. மரணங்கள் நிகழும் அந்த 45ஆம் 46ஆம் அங்கங்கள் இரண்டும் வெட்டி ஒட்டப்பட்டு ஒரே அங்கமாக்கப்பட்டன. தோழிகள் இறக்கும் காட்சிகள் அகற்றப்பட்டன. அவர்கள் சாகவில்லை, எதிரிகளின் இருளுலகமான 'நெகாவேர்ஸ்' பகுதிக்குள் பிடித்துச் செல்லப்பட்டுச் சிறைவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று வசனம் மாற்றி எழுதப்பட்டது.

மரணம் கடுமையானது, சிறைப்பிடிப்பு மென்மையானது. அமெரிக்காவில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து இதைத் தீர்மானித்தவர்களுக்கு அந்த எண்ணத்தில் சந்தேகமே இருந்திருக்காது.

இனி அந்தத் தொடர் போய்ச் சேர்ந்த வீடுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கையும் மகளும் 1994இல் ஸ்காபரோவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். தங்கையின் கணவர் அவர்களுடன் போகவில்லை. 1990ஆம் ஆண்டு ஒரு பின்னேரம் விசாரணைக்கு என்று வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர் அவர். அதற்குப் பின்னர் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிள்ளைக்குச் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்: "அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்." அதற்கு மேல் சொல்ல எங்கள் ஒருவரிடமும் எதுவும் இருக்கவில்லை.

1995ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வீட்டில் ஆங்கிலம் அறிந்த ஒரே ஆளாகிய அந்த ஒன்பது வயதுப் பிள்ளை, தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, பிடித்துச் செல்லப்பட்டவர்கள் கதையின் முடிவில் திரும்பி வருவதைப் பார்த்தாள். நல்லவள் ஒருத்தி மனதார விரும்பினாள், அவர்கள் வந்துவிட்டார்கள். "நானும் அப்பிடிச் செய்து பாத்தனான் மாமா" என்று 2015இல், இருபது ஆண்டுகள் கழித்து, அந்தத் தொலைபேசி உரையாடலில்தான் அவள் எனக்குச் சொன்னாள். எத்தனை நாள் செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

மூலத்திலும் அவர்கள் திரும்பி வருகிறார்கள்தானே என்று ஒருவர் வாதிடலாம். வருகிறார்கள். ஆனால் இறந்தவர் எழுவது மாயக் கதை என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தெரியும். செத்தவீட்டுக்குப் போய்வந்த எந்தப் பிள்ளையும் அதை நம்பிக் காத்திருப்பதில்லை. பிடித்துச் செல்லப்பட்டவர் திரும்புவது மாயம் அல்ல. அது நடக்கக்கூடியது, எங்கள் ஊர்களில் சிலருக்கு நடந்துமிருக்கிறது. ஆகவே அதை நம்பலாம், அதற்காகக் காத்திருக்கலாம். பிள்ளைகளுக்கு நோகக்கூடாது என்று செய்த மாற்றம், அந்தத் தொடரில் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆகக் கூடுதலாக நொந்த இடமாக ஆகியது. இதற்காக டிக் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாது. ரொறன்ரோ ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து சில மைல் தூரத்தில் இப்படியொரு பார்வையாளர் இருப்பார் என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? வெட்டுபவனுக்கு எதிரே எந்த வாசகன் இருக்கிறான் என்பது ஒருபோதும் தெரிவதில்லை. அது தெரியாது என்பதையாவது அவன் நினைவில் வைத்திருந்தால் நல்லது.

நானும் வெட்டுக்கு ஆளானவன்தான். நாட்டில் செய்தித் தணிக்கை நடைமுறையில் இருந்த காலங்களில், பக்கங்களை அதிகாரியிடம் எடுத்துச் சென்று, கோடு கிழிக்கப்பட்ட நிலையில் திரும்பக் கொண்டுவருவது எங்கள் அன்றாட வேலை. வெட்டப்பட்ட இடத்தில் வேறு விடயம் போட்டு நிரப்புவதா, வெற்றிடமாகவே விடுவதா என்பதுதான் அப்போது ஆசிரியபீடத்தில் எழும் சண்டை. வெற்றிடம் விடப்பட்ட நாட்களில் வாசகர்கள் அந்த வெள்ளைப் பகுதியைத்தான் முதலில் வாசித்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வோம். இங்கே ஏதோ இருந்தது, அது இப்போது இல்லை என்ற ஒரு செய்தியையாவது அந்த வெள்ளை கொடுத்தது. நிரப்பப்பட்ட நாட்களில் அதுவும் இல்லை. அங்கே சமையற் குறிப்பு இருக்கும். வாசகர் சமையற் குறிப்பை வாசிப்பார்.

(எங்கள் கையும் சுத்தமானதல்ல. 'காணாமற்போனோர்' என்ற சொல்லை ஆயிரம் முறை அச்சில் ஏற்றியவன் நான். ஒருவர் தாமாகவே எங்கோ தொலைந்துபோனது போன்ற சொல் அது. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று மாற்றி எழுத எங்கள் துறைக்கு வெகுகாலம் எடுத்தது.)

செய்லர் மூனின் ஆங்கில வடிவம் நிரப்பப்பட்ட பக்கம். வெட்டப்பட்ட அடையாளமே தெரியாதபடி இசை மாற்றப்பட்டு, யப்பானிய எழுத்துகள் படத்திலிருந்து அகற்றப்பட்டு, முடிவில் பிள்ளைகளுக்கு ஒரு குறுகிய நீதிபோதனையும் சேர்க்கப்பட்டிருந்தது. சிறுவர் தொலைக்காட்சியில் கல்விப் பயன் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1990இல் ஒரு சட்டம் வந்திருந்த காலம் அது. உண்மையை எடுத்துவிட்டு நீதியைப் போட்டார்கள் என்று எழுதினால் சற்று அலங்காரமாகத் தோன்றும். ஆனால் நிமிடக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய அதுவேதான் நடந்தது.

இவ்வாறு நிரப்பப்பட்ட பக்கத்தின் அடியில் என்ன இருந்தது என்பதை வெளியே கொண்டுவந்தது வீடுகளுக்கு விற்கப்பட்ட ஒளிநாடாக்களும் இறுவட்டுகளுமே. ஆனால் அது நேர்வழியில் வரவில்லை. ஏ.டி.வி. ஃபிலிம்ஸ் என்ற நிறுவனம் டிக் வடிவத்தின் 82 அங்கங்களையும் ஆங்கிலக் குரலோடு, வெட்டியது வெட்டியபடியே டிவிடியில் வெளியிட்டது. அதே நிறுவனம் 2003இலும் 2004இலும் முதல் இரு பருவங்களையும் வெட்டின்றி, யப்பானியக் குரலும் ஆங்கில உபதலைப்புகளுமாக, வேறு பெட்டிகளில் விற்றது. (அப்போதும் 67ஆம் அங்கம் சேரவில்லை. கடற்கரை விடுமுறை பற்றிய ஓர் அப்பாவி அங்கம் அது.) ஒரே கடையில், ஒரே தட்டில், ஒரே தொடரின் இரு பெட்டிகள். ஒன்றில் அவர்கள் கைதிகள். மற்றதில் அவர்கள் பிணங்கள். ஒன்றை வாங்கியவருக்கு மற்றதில் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை.

என்னை ஆகக் கூடுதலாகக் கவர்ந்தது அடுத்த பருவங்களுக்கு நேர்ந்த கதை. மூன்றாம் நான்காம் பருவங்களின் 77 அங்கங்களை குளோவர்வே என்ற வேறொரு நிறுவனம் ஆங்கிலமாக்கியது. மூன்றாம் பருவத்தில் ஹருகா, மிச்சிரு என்ற இரு பெண்கள் காதலர்களாக வருகிறார்கள். ஆங்கிலத்தில் அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கப்பட்டார்கள். ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையையும் கைகோர்ப்பையும் அகற்ற முடியவில்லை. ஆகவே சகோதரிகள் என்று சொல்லப்பட்டவர்கள் விநோதமான சகோதரிகளாக இருந்தார்கள். மறைக்கப் போய் மேலும் சங்கடமாகிப்போனதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் 2000களின் தொடக்கத்தில் பயனியர் நிறுவனம் இந்தப் பருவங்களை வெட்டாத படத்தோடும், இரு மொழிக் குரல்களோடும் ஒரே டிவிடியில் வெளியிட்டது. ஆங்கிலக் குரலை ஓடவிட்டு, யப்பானிய மூலத்துக்குரிய உபதலைப்பைக் கீழே ஓடவிட்டால், காது கேட்பது ஒன்று, கண் வாசிப்பது மற்றொன்று. பொய்யும் மெய்யும் ஒரே வினாடியில் ஒரே திரையில். தணிக்கை பற்றிப் பத்திரிகைத்துறை மாணவர்களுக்கு விரிவுரை நிகழ்த்தியபோதெல்லாம் இப்படியொரு சாதனம் என் கையில் இல்லாமற் போயிற்றே என்று இப்போது நினைக்கிறேன்.

பின்னர் உரிமங்கள் காலாவதியாகின. வட அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இத்தொடரைக் கடையில் புதிதாக வாங்க முடியாத நிலை இருந்தது. 2014இல் விஸ் மீடியா நிறுவனம் 200 அங்கங்களுக்கும் உரிமம் பெற்று, வெட்டு எதுவுமின்றி, புதிய நடிகர்களைக் கொண்டு முற்றாகப் புதிய ஆங்கிலக் குரலைப் பதிவுசெய்தது. அந்த ஆண்டு நவம்பரில் டிவிடியிலும் புளூரேயிலும் முதற் தொகுப்பு வந்தது. உசாகி மீண்டும் உசாகி ஆனாள். ஹருகாவும் மிச்சிருவும் காதலர்கள் ஆனார்கள். 67ஆம் அங்கம் வந்து சேர்ந்தது. அதுவரை ஆங்கிலக் குரலையே காணாத ஐந்தாம் பருவமும் 2019இல் கடைக்கு வந்தது. முதற் தொகுப்பின் படத்தரம் பற்றி ரசிகர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த நுணுக்கம் தெரியாது, என் கண்ணாடிக்கு எல்லாம் ஒன்றுதான். என் மருமகள் வாங்கிப் பார்த்தது இந்தப் பதிப்பைத்தான்.

ஆக, நீதி நிலைநாட்டப்பட்டதா? முக்கால்வாசி. நான் குறை காண்பது மிகுதிக் கால்வாசியில்.

விஸ் தொகுப்பில் பழைய ரொறன்ரோக் குரல்கள் இல்லை. அவற்றைத் தேடுபவர் பழைய டிவிடிகளை இரண்டாங்கை விலைக்கு வாங்கவேண்டும், அல்லது களவுப் பிரதிகளை நாடவேண்டும். தீவிர ரசிகர்களில் ஒரு சாரார் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. கெட்டது தொலைந்தது, நல்லது வந்தது, பழையதற்கு ஏன் அழவேண்டும் என்பார்கள். இன்னொரு சாரார் தம் சிறுபராயக் குரல்களுக்காக ஏங்குகிறார்கள். இரண்டிலும் எனக்கு முழு உடன்பாடில்லை. பழைய வடிவம் அழகானது என்பதற்காக அல்ல, அது நடந்தது என்பதற்காகவே அது இருக்கவேண்டும். 1995 முதல் பல இலட்சம் பிள்ளைகள் பார்த்தது அதைத்தான். அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை என்பதற்கு அந்த வெட்டப்பட்ட வடிவமே ஒரே ஆதாரம். தணிக்கை செய்யப்பட்ட பத்திரிகையை எந்த நூலகராவது தூக்கி எறிவாரா? சரியான செய்தி பிற்பாடு வெளிவந்துவிட்டது என்பதற்காக அந்த நாளைய பத்திரிகையை எரித்துவிட்டால், அந்த நாளில் பொய் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்தல்லவா எரித்தவர்களாவோம்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை அல்ல. 'நியோன் ஜெனசிஸ் எவாஞ்சலியன்' என்ற மற்றொரு யப்பானியத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் அதை ஆங்கிலமாக்கியதும் மேலே சொன்ன ஏ.டி.வி.தான். 2019ஆம் ஆண்டு ஜூனில் நெற்ஃபிளிக்ஸ் அத்தொடரை உலகெங்கும் வெளியிட்டபோது பழைய குரல்களைக் கைவிட்டுப் புதிய மொழிபெயர்ப்பும் புதிய குரல்களும் கொடுத்தது. யப்பானுக்கு வெளியே முடிவுப் பாடலையும் எடுத்துவிட்டது. பழைய பார்வையாளர்கள் தாம் பார்த்த தொடர்தானா இது என்று விழித்தார்கள். 2021இல் ஜிகிட்ஸ் நிறுவனம் அதைப் புளூரேயில் வெளியிட்டபோது, சேகரிப்பாளர்களுக்கான பதிப்பில் பழைய குரல்களும் இடம்பெற்றன. சாதாரணப் பதிப்பில் இல்லை. கூடுதல் காசு கொடுப்பவருக்கே கடந்த காலம் கிடைக்கும் என்பது கொஞ்சம் கசக்கிறது. ஆனாலும் வழி இருக்கிறது என்பதாவது தெரிந்தது.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது தட்டும் நாடாவும் எதற்கு என்று கேட்கிறார்கள். இணையத்தில் கிடைப்பது, தருபவர் இன்று தர விரும்புவது மாத்திரமே. அங்கே நாளை ஒரு பாட்டு மறையும், ஒரு குரல் மாறும், வெள்ளை இடம்கூட விடப்படாது. வீட்டு அலுமாரியில் இருக்கும் தட்டை யாரும் இரவோடிரவாக வந்து திருத்திவிட்டுப் போக முடியாது. பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கறையானிடமிருந்து காப்பாற்றுவதே பெரும்பாடாக வாழ்ந்த எனக்கு, கறையான் தவிர வேறு எதிரி இல்லாத ஒரு பொருள் எவ்வளவு பாதுகாப்பானது என்று தெரியும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. இப்படியான தொடர்களை மீண்டும் வெளியிடுபவர்கள் முழு மூலத்தையும் கொடுக்கட்டும். தமது புதிய குரலையும் கொடுக்கட்டும். உரிமங்கள் சிக்கலானவை என்பது தெரியும், என்றாலும் முடிந்தவரையில் பழைய ஒளிபரப்பு வடிவத்தையும் அதே பெட்டிக்குள் ஒரு மூலையில் வைக்கட்டும். எந்த அங்கம் கைவிடப்பட்டது, எந்த இரண்டு ஒன்றாக்கப்பட்டன, எந்த வசனம் மாறியது என்று இரண்டு பக்கத்தில் ஒரு கைந்நூலும் சேர்த்தால் போதும். பத்திரிகையில் நாங்கள் திருத்தம் வெளியிடுவதில்லையா? எவ்வளவு சிறிய எழுத்தில் வெளியிட்டாலும், வெளியிடவேண்டியிருக்கிறது.

அந்தப் புதன்கிழமை இரவு என் மருமகள் இன்னொன்றும் கேட்டாள். 1995இல் தாய் தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்து கொடுத்த வீடியோ கசெற் ஒன்று அவளிடம் இருக்கிறது. அந்த இறுதி அங்கமும் அதில்தான். உண்மையானது கிடைத்துவிட்டபடியால் இனி அதை எறிந்துவிடலாமா என்று கேட்டாள். எறியாதே என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள்; இந்தக் கட்டுரையில் எழுதியவற்றை எல்லாம் அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "வைச்சிரு பிள்ளை, பிறகு பாப்பம்" என்றுதான் சொன்னேன்.

வைத்திருக்கிறாள். அவள் வீட்டில் அதை ஓட்ட இயந்திரம் இல்லை. சென்ற வருடம் கணினிக்கு மாற்றவென்று கடையொன்றில் கொடுத்திருக்கிறாள். நாடாவில் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். படம் முழுவதும் கோடு கோடாக ஓடுகிறதாம், குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறதாம்.